சம்பந்தி வீட்டுக் காருக்கு நாங்கள் பேய் ஓட்டவில்லை

வெள்ளைக்கல் தோட்டம், கீழ்க்கணக்கு,
ஹாலிஎல.
செவ்வாய்க்கிழமை காலை.

வெலிமடை மரக்கறி மொத்த வியாபாரி, பெருமதிப்புக்குரிய சம்பந்தி திரு. பெரியண்ணன் அவர்களுக்கு,

கீழ்க்கணக்கு இராசையா வணக்கத்துடன் எழுதிக்கொள்வது. நீங்களும் சம்பந்தியம்மா விஜயலெட்சுமி அவர்களும் மாப்பிள்ளை கஜேந்திரனும், கடையில் அடுக்கியிருக்கிற கரட், லீக்ஸ், உருளைக்கிழங்கு மூட்டைகள் உட்பட, வாடாமல் வதங்காமல் இருக்க எங்கள் தோட்டத்து மாரியம்மன் துணை நிற்பாளாக. மாரியம்மனை என் மனைவி இராக்கம்மா சேர்க்கச் சொன்னதால் சேர்த்திருக்கிறேன். எனக்கு அந்தப் பழக்கம் இல்லை என்பது உங்களுக்குத் தெரியும். இங்கு நாங்கள் எல்லோரும் சுகம். உங்கள் கார் மட்டும் சுகமில்லை.

நான் நாலைந்து நாளாக உங்களுக்குப் போன் எடுக்கிறேன். மணி அடிக்கிறது, ஆள் பேசுவதில்லை. நீங்கள் வியாபாரி, லொறி வந்து நிற்கிற நேரத்தில் பேச முடியாதுதான், அது எனக்கு விளங்குகிறது. ஆனால் எங்கள் பக்கம் கோயிலுக்கு மேலே இருக்கிற தண்ணித் தாங்கி மேட்டில் ஏறி நின்றால்தான் சிக்னல் கிடைக்கும் என்பதும், என்னுடைய முழங்கால் இரண்டும் நான் தொழிற்சங்கத்தில் இருந்த காலத்திலேயே ஓய்வு கேட்டுவிட்டன என்பதும் உங்களுக்குத் தெரிந்திருக்க நியாயமில்லை. கடைசியாக நீங்கள் அனுப்பிய குரல் செய்தி ஒன்றுதான் கையில் இருக்கிறது. "காரு மொதல்ல வீடு வந்து சேரட்டும், மத்தத பொறகு பாப்போம்" என்று சொல்லியிருக்கிறீர்கள். உங்களுக்குப் பின்னால் சம்பந்தியம்மா, "நம்ம காருக்குப் பேய் ஓட்டினாங்களாமே, அதக் கேளுங்க" என்று சொல்வது உங்கள் குரலைவிடத் தெளிவாகக் கேட்கிறது. மற்றது என்று நீங்கள் சொல்வது என் ஒரே மகள் தனுஜாவின் கல்யாணம். அதனால்தான் கடிதம் எழுதுகிறேன். முதலிலேயே சொல்லிவிடுகிறேன், உங்கள் காருக்கு நாங்கள் பேய் ஓட்டவில்லை. ஓட்டியது போலத் தெரிந்திருக்கலாம். உடுக்கு அடித்தது உண்மை. நோக்கம் வேறு.

பரிசம் போட வந்த அன்று நடந்தது உங்களுக்குத் தெரியும். இருந்தாலும் எந்தத் தீர்மானத்துக்கும் முன்னுரை வேண்டும் என்பது சங்கத்துப் பழக்கம். நீங்கள் இரண்டு வேனும் ஒரு காருமாக வந்தீர்கள். எங்கள் சின்னப் பாலத்தைத் தாண்டியதும் ஒரு கல் குத்தி, காரின் முன்பக்கத்து இடது டயர் கிழிந்துபோனது. அப்படியே உருட்டிக்கொண்டு எங்கள் வாசல் வரைக்கும் வந்து சேர்ந்தீர்கள். தட்டு மாற்றி, சாப்பிட்டு, வெற்றிலை போட்டு, வெளியே வந்து உதிரிச் சில்லை மாட்டலாம் என்று பார்த்தால் பழைய சில்லின் நட் ஒன்றுகூட அசையவில்லை. பட்டு வேட்டியோடு எவ்வளவுதான் முக்க முடியும்? காரை எங்கள் வாசலிலேயே விட்டுவிட்டு எல்லோரும் வேனில் ஏறினீர்கள். வேன் கதவை மூடும்போது சம்பந்தியம்மா ஒரு வார்த்தை சொன்னார்கள். "பொண்ணு வீட்டு வாசல்லயே காலு ஒட்டிக்கிருச்சே, இது என்னா சகுனமோ." அந்த வார்த்தை வேனோடு போகவில்லை, எங்கள் வாசலிலேயே தங்கிவிட்டது.

எங்கள் லயத்து வரிசைவீட்டுச் சனங்கள் அதை அப்படியே திருப்பிப் போட்டார்கள். மாப்பிள்ளை வீட்டுக் காருக்கே இந்த வீட்டை விட்டுப் போக மனசில்லை, நம்ம தனுஜா அவ்வளவு ராசிக்காரி என்று தண்ணீர் பிடிக்கிற பீலிக்கரையில் பேச்சு. நான் இரண்டு பக்கத்தையும் கண்டித்தேன். காருக்கு மனசு கிடையாது, சில்லுக்குச் சகுனம் தெரியாது, வேலை செய்கிற நேரமெல்லாம் நல்ல நேரம் என்று எத்தனை மே தின மேடையில் தொண்டை கட்டப் பேசியிருக்கிறேன், இப்போது என் வாசலிலேயே ஒரு கார் எனக்கு எதிராகப் பிரசாரம் செய்துகொண்டு நின்றால் எப்படி இருக்கும் என்று நீங்களே யோசித்துப் பாருங்கள். கட்டி இழுத்துப் போகிற லொறி எங்கள் பாலத்தில் வராது. கிழிந்த டயரோடு மலை ரோட்டில் ஓட்டினால் உள்ளே இருக்கிற ரிம் நெளிந்துபோகும். ஆகவே சில்லைக் கழற்றுவதைத் தவிர வேறு வழி இல்லை. முறைப்படி ஒரு குழு அமைத்தேன்.

சில்லு கழற்றும் குழுவுக்குத் தலைவர் நான். ஸ்பானர் பிடிக்கிற பொறுப்பு, ஒரு காலத்தில் தோட்டத்து லொறி ஓட்டிய சங்கிலிக்கு. பாதுகாப்புப் பொறுப்பு, தோட்டத்து டிஸ்பென்சரியில் உதவிக்கு நிற்கிற ரஜீவுக்கு. ரஜீவ் மோட்டார் சைக்கிள் ஹெல்மெட்டைப் போட்டுக்கொண்டு வந்து கொய்யா மரத்தடியில் நின்றுகொண்டார், கடைசி வரைக்கும் அதைக் கழற்றவில்லை. சங்கிலி முதலில் ஜெக்கைப் போட்டுக் காரைத் தூக்கினார்; சில்லு அந்தரத்தில் நின்ற பிறகு நட்டில் ஸ்பானரை மாட்டினார். ஸ்பானரைச் சுற்றினால் சில்லும் கூடவே சுற்றியது. சுற்றுகிறதே, கழலப்போகிறது என்று எல்லோருக்கும் சந்தோஷம். சில்லு தரையில் இருக்கும்போதே நட்டைத் தளர்த்திவிட்டு அதற்குப் பிறகுதான் தூக்க வேண்டும் என்று ரஜீவ் சொல்லியிருக்கிறார், ஆனால் ஹெல்மெட்டுக்குள்ளே இருந்து சொன்னதால் ஒருவருக்கும் கேட்கவில்லை. மூன்று பேர் சில்லைக் கட்டிப் பிடிக்க, இரண்டு பேர் ஸ்பானரில் தொங்கினார்கள். ஹேண்ட் பிரேக் போட்டிருக்கிறதா என்று நான் கேட்டேன். போட்டிருக்கு என்று அத்தனை பேரும் சொன்னார்கள். அத்தனை பேரும் வேறு யாரோ போட்டிருப்பார் என்று நினைத்துச் சொன்னவர்கள்.

மற்றச் சில்லுகளுக்கு முன்னும் பின்னும் கல் வைக்க வேண்டும் என்று ஒருவருக்கும் தோன்றவில்லை. எங்கள் வாசல் சரிவு என்பது எங்களைவிடக் காருக்கு நன்றாகத் தெரிந்திருக்கிறது (காருக்கு மனசு கிடையாது என்பதை மறுபடியும் பதிவு செய்கிறேன்). ஜெக் சாய்ந்து, கார் சடாரென்று இறங்கி, பின்னுக்கு உருண்டு, இராக்கம்மாவின் கோழிக்கூட்டில் போய்ச் சாய்ந்து நின்றது. கோழிகள் மேய்ச்சலுக்குப் போயிருந்தன. சங்கிலி அதற்குச் சற்று முன்புதான் பீடி பற்றவைக்க எழுந்து வந்திருந்தார். அதற்கு முன்னால் அவர் ஒரு காலைக் காருக்கு அடியில் நீட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்ததை நான் என் கண்ணால் பார்த்தேன். சம்பந்தி, கல்யாணம், கார் எல்லாம் ஒரு பக்கம், ஒரு மனுசனுக்குக் கால் போயிருந்தால் நான் என்ன பதில் சொல்வேன்? அன்றே கட்டளை போட்டேன். நாலு பக்கமும் கல், ஹேண்ட் பிரேக்கை நானே கையால் இழுத்துப் பார்ப்பது, கிடைமட்டமான இடம், காருக்கு அடியில் கால் நீட்டுகிறவன் குழுவிலிருந்து நீக்கம்.

மறுபடி எல்லோரும் சேர்ந்து காரைத் தள்ளி, மண் வெட்டிச் சமப்படுத்திய இடத்தில் நிறுத்தி, சில்லு தரையில் இருக்கும்போதே ஸ்பானருக்கு நீளமான தண்ணிக் குழாயைச் சொருகி அமுக்கினோம். ஒவ்வொரு நட்டும் கிறீச்சென்று கத்திக்கொண்டு கழன்றது. ஒவ்வொன்றுக்கும் கைதட்டல். கடைசி நட்டுக்கு இராக்கம்மா தேத்தண்ணீர் போட்டுக் கொண்டுவந்தாள். தேத்தண்ணீரைக் குடித்துவிட்டுக் காரைத் தூக்கி, சில்லை இழுத்தோம். வரவில்லை. உதைத்தோம். வரவில்லை. நட் எல்லாம் என் சட்டைப் பையில் இருக்கிறது, சில்லு இருந்த இடத்திலேயே இருக்கிறது. எதுவுமே பிடிக்காமல் ஒரு சில்லு எப்படி நிற்கும் என்று சங்கிலி கேட்டார். அந்தக் கேள்வியில்தான் வினையே ஆரம்பித்தது.

பதுளை டவுனில் கராஜ் வைத்திருக்கிற நிஸாம் பாஸைக் கேட்போம் என்று முடிவானது. நான் கோழிக்கூடு சம்பந்தமான விசாரணைக் கூட்டத்தில் இருந்ததால், போனை எடுத்துக்கொண்டு தண்ணித் தாங்கி மேட்டுக்குப் போனது இராக்கம்மா. இவள் போய், நட்டெல்லாம் கழட்டியும் காருல எறங்க மாட்டேங்குது என்று சொல்லியிருக்கிறாள். அதற்கு நிஸாம் பாஸ் சொன்ன பதிலை அவரே பிறகு எனக்குச் சொன்னார், அதை அப்படியே எழுதுகிறேன்: "அக்கா, அது நல்லா புடிச்சிருக்கு. லேசுல எறங்காது. மொதல்ல கட்டு விடணும். எண்ண ஊத்தி ஒரு ராத்திரி விட்டுட்டு, காலையில சுத்திச் சுத்தித் தட்டுங்க. அதுக்கும் எறங்கலன்னா முன்னுக்கும் பின்னுக்கும் ஆட விடுங்க. ஆட ஆட தானா எறங்கிரும்." இந்தப் பேச்சில் சில்லு என்ற சொல் ஒரு இடத்திலும் இல்லை என்பதைத் தாங்கள் கவனிக்க வேண்டும். என்னா புடிச்சிருக்கு என்று இவள் கேட்க, துரு என்று அவர் சொன்னது காற்றோடு போய்விட்டது. "ரொம்ப நாளா உள்ளுக்கே இருந்திருக்கு" என்கிற வால் மட்டும் இவள் காதில் விழுந்திருக்கிறது. பிடித்திருக்கிறது, கட்டு விட வேண்டும், ஆட விட வேண்டும், இறங்கிவிடும். இதைக் கேட்ட எந்தப் பெண்பிள்ளை கராஜுக்குப் போவாள்? கோயில் அங்கேயே பக்கத்தில் இருக்கிறது. நேரே பூசாரி வீட்டுக்குப் போய்விட்டாள்.

மறுநாள் காலையில் நான் வீட்டில் இல்லை. இதை அடிக்கோடு இட்டு வாசிக்கவும். துருவை இளக்குகிற துரு எண்ணெய் வாங்குவதற்காக ஹாலிஎல டவுனுக்குப் போயிருந்தேன். திரும்பி வந்து பஸ்ஸை விட்டு இறங்கினால் உடுக்குச் சத்தம். யார் வீட்டிலோ என்னவோ என்று நினைத்துக்கொண்டு வருகிறேன், என் வீட்டில்தான். உங்கள் காருக்கு நெற்றியில் சந்தனம், கழுத்தில்லாத இடத்தில் எலுமிச்சம்பழ மாலை, இரண்டு கண்ணாடியிலும் வேப்பிலை. ராத்திரியே இராக்கம்மா ஒரு போத்தல் நல்லெண்ணெயைச் சில்லில் ஊற்றியிருக்கிறாள். பூசாரி வேப்பிலையால் சில்லைச் சுற்றிச் சுற்றித் தட்டுகிறார். என்னுடைய குழு, நான் தலைவராக இருக்கிற குழு, காரைப் பிடித்து முன்னுக்கும் பின்னுக்கும் ஆட்டுகிறது. சங்கிலி நெற்றியில் விபூதி. ரஜீவ் ஹெல்மெட்டுக்கு மேலே விபூதி.

"யாரு நீ? எந்த ஊரு?" என்று பூசாரி கேட்டார். அந்த நேரம் பார்த்து உங்கள் காரின் திருட்டு அலாரம் அடிக்க ஆரம்பித்தது. பூட்டிவிட்டு ஆட்டினால் அடிக்கும் என்பது உங்களுக்குத் தெரியும், எங்களுக்குத் தெரியாது. விளக்கெல்லாம் பளிச் பளிச்சென்று எரிகிறது, கார் ஊளையிடுகிறது, சனம் பின்னுக்குப் பாய்கிறது. பூசாரி மட்டும் அசையாமல் நின்று காதைக் கொடுத்துக் கேட்டுவிட்டு, "வெலிமடையாம்" என்றார். அது ஒரு வகையில் உண்மைதான், கார் வெலிமடைக் கார்தான். ஆணா பெண்ணா என்று கூட்டத்தில் யாரோ கேட்டார்கள். பொம்பளை, கொஞ்சம் வயசானவங்க, வெள்ளிக்கிழமைக்கு வெள்ளிக்கிழமை வாறாங்களாம் என்று பூசாரி மொழிபெயர்த்தார். தனுஜா உள்ளே இருந்து சாவியைக் கொண்டுவந்து அமுக்கினாள், கார் அடங்கியது. பொண்ணு கை பட்டதும் அடங்கிருச்சி என்று அதற்கும் ஒரு பேச்சு. யாரோ எடுத்த வீடியோ அன்று பொழுது சாய்வதற்குள் வெலிமடைக்கு வந்துவிட்டது என்று கேள்விப்பட்டேன். அந்த வீடியோவில் நான் கையெடுத்துக் கும்பிடுவது போலத் தெரிகிறதாம். நான் காதைப் பொத்தப் போனேன்.

சம்பந்தியம்மாவுக்குக் கோபம் வந்ததில் பிழை இல்லை. வெலிமடையிலிருந்து வயசான பொம்பளை ஒன்று வெள்ளிக்கிழமை தோறும் வருகிறது என்று என் வாசலில் வைத்துச் சொன்னால், அது அவர்களைத்தான் சொன்னதாக அவர்கள் நினைப்பார்கள். பூசாரி யாரையும் மனதில் வைத்துச் சொல்லவில்லை, வாய்க்கு வந்ததைச் சொன்னார் என்று நான் எந்தச் சபையிலும் சொல்லத் தயார். ஆனால் அடுத்து நான் எழுதப்போகிற விஷயத்தை எப்படி எழுதுவதென்றுதான் தெரியவில்லை. இந்தப் பந்தியை மூன்று தரம் எழுதிக் கிழித்துவிட்டேன். நீங்கள் தனியாக இருக்கும்போது வாசியுங்கள்.

நேற்று நிஸாம் பாஸ் நேரிலேயே வந்தார். எலுமிச்சம்பழ மாலையைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், ஒன்றும் கேட்கவில்லை, நல்ல மனுசன். உட்கார்ந்து, ஸ்க்ரூட்ரைவரால் சில்லின் நடுவில் சுரண்டி, உதிர்ந்ததை உள்ளங்கையில் வைத்துப் பார்த்துவிட்டு, "தலைவர், இது மழைத் துரு இல்ல, உப்புத் துரு. காரு கடக்கரைப் பக்கம் நின்னுச்சா?" என்று கேட்டார். வெலிமடையில் கடல் இல்லை என்று சொன்னேன். மற்ற மூன்று சில்லையும் பார்த்தார், அவை சுத்தமாக இருந்தன. இந்த ஒன்றுக்குள்ளே மட்டும் சுரண்டச் சுரண்ட எலுமிச்சங்கொட்டை வருகிறது, மஞ்சள் வருகிறது, காய்ந்த மிளகாய்க் காம்பு வருகிறது. ஒரு ரசம் வைக்கலாம் போல இருக்கே என்றார். அப்போதுதான் தனுஜா மெல்ல வாயைத் திறந்தாள். வெள்ளிக்கிழமை தோறும் அத்தை உப்பும் மிளகாயும் மஞ்சளும் எலுமிச்சம்பழமும் எடுத்துக் காரை மூன்று தரம் சுற்றிக் கண்ணூறு கழித்து, அதைத் தண்ணீரில் கரைத்து வாசல் கேட் பக்கம் இருக்கிற சில்லில் ஊற்றுவார்கள் என்று மாப்பிள்ளை அவளிடம் பெருமையாகச் சொல்லியிருக்கிறார். உங்கள் வீட்டில் கேட் பக்கம் இருப்பது முன் இடது சில்லு.

சம்பந்தி, நான் ஒரு வார்த்தையும் குறையாகச் சொல்லவில்லை. மகன் ஓட்டுகிற கார், அவன் பத்திரமாகப் போய் வரவேண்டும் என்று ஊற்றியது, அது தாய் மனசு. உப்புத் தண்ணிக்குத் தாய் மனசு விளங்காது, அவ்வளவுதான். வாரம் தவறாமல் குடித்த உப்பில் சில்லும் அது மாட்டியிருக்கிற இரும்பும் ஒன்றோடொன்று துருவேறி ஒட்டிக்கொண்டுவிட்டன. ஆகவே பொண்ணு வீட்டு வாசலில் கால் ஒட்டவில்லை, உங்கள் வீட்டு வாசலிலேயே ஒட்டியாகிவிட்டது. எங்கள் வாசலில் தெரியவந்தது, அதுதான் எங்கள் குற்றம். இதை நீங்கள் சம்பந்தியம்மாவுக்கு எப்படிச் சொல்வீர்களோ எனக்குத் தெரியாது. சொல்லாமல் விடுவதென்றாலும் எனக்குச் சம்மதம்.

நிஸாம் பாஸ் நல்லெண்ணெயைத் துடைத்துவிட்டுத் துரு எண்ணெயைப் பீய்ச்சி, ஒரு ராத்திரி ஊறட்டும் என்றார். அவர் அன்று போனில் சொன்னதும் இதைத்தான். கழற்றிய நட்டை எல்லாம் என் பையிலிருந்து வாங்கித் திரும்பவும் மாட்டி, ஒவ்வொன்றையும் இரண்டு சுற்று மட்டும் சுற்றிவிட்டார். ஒட்டிக்கொண்டிருக்கிற சில்லு எந்த நேரம் விடும் என்று சொல்ல முடியாது, விட்டால் ஆள் மேல் விழாமல் நட் தாங்கிக்கொள்ளுமாம். நெருப்பு வைத்துச் சூடு காட்டினால் விட்டுக்கொடுக்கும் என்று சங்கிலி ஒரு யோசனை சொன்னார். எண்ணெய் பற்றிக்கொண்டு நீயும் போவாய் என்று நிஸாம் பாஸ் அவரைத் தள்ளி உட்காரச் சொல்லிவிட்டார். இன்று பின்னேரம் வந்து கழற்றுவதாகச் சொல்லிப் போயிருக்கிறார். எண்ணெய் ஊற்றுவது, தட்டுவது, ஆட்டுவது எல்லாம் நான் செய்ததுதானே என்று பூசாரி இப்போது தோட்டம் முழுக்கச் சொல்லிக்கொண்டு திரிகிறார். அவரோடு என்னால் வாதாட முடியவில்லை, ஏனென்றால் அது உண்மை.

இனி விஷயத்துக்கு வருகிறேன். இந்தக் களேபரத்தில் தனுஜா அழவில்லை, கோபப்படவில்லை, அதுதான் எனக்குக் கஷ்டமாக இருக்கிறது. சோற்றைப் பிசைந்து வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறாள். மாப்பிள்ளையும் அவளும் பேசிக்கொள்கிறார்கள் என்று தெரியும், என்ன பேசுகிறார்கள் என்று நான் கேட்கவில்லை. முந்தாநாள் நான் அவளுக்கு ஆறுதல் சொல்லலாம் என்று போய், இன்னொரு கூட்டம் போட்டு ஒரு முடிவு எடுப்போம் என்று சொன்னேன். "அப்பா, அவுங்க வேணாம்னு சொன்னா சொல்லட்டும். ஆனா ஒரு டயருக்காக என்னைய வேணாம்னு சொல்லக்கூடாது" என்றாள். நான் எழுந்து வெளியே வந்து, காருக்கு வைத்த கல்லைச் சரிபார்த்தேன். எத்தனையோ தோட்டத்துத் துரைமாரிடம் பதில் பேசியவன் நான். எனக்குப் பயமாக இருக்கிறது சம்பந்தி, வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன், இந்தச் சம்பந்தம் முறிந்துபோகுமோ என்று பயமாக இருக்கிறது.

நீங்கள் நாலு ஊருக்கு லொறி அனுப்புகிற மனிதர், உலகம் தெரிந்தவர். சகுனம், நேரம், ராசி என்பதெல்லாம் நம்மைப் பயமுறுத்தி வைத்திருப்பதற்காக யாரோ கிளப்பிவிட்டவை. படித்த பிள்ளைகள் இரண்டு பேர் வாழப்போகிற வாழ்க்கையை ஒரு துருப்பிடித்த இரும்பு தீர்மானிக்கக் கூடாது. சம்பந்தியம்மாவுக்கு நீங்கள்தான் பக்குவமாக எடுத்துச் சொல்ல வேண்டும். நாலு காரியத்தைத் துணிந்து செய்கிற குடும்பத்தில் இந்தப் பயமெல்லாம் எதற்கு என்று கேளுங்கள். இராசையா இப்படிப்பட்ட விஷயத்துக்கெல்லாம் ஒருநாளும் மசிகிற ஆள் இல்லை என்றும் சொல்லுங்கள், அதில் எனக்கு ஆட்சேபணை இல்லை. சில்லு எப்போது கழல்கிறதோ அப்போதே காரை அனுப்பிவைக்கிறேன். இந்தக் கடிதத்தை மாலை பஸ் கொண்டக்டர் கையில் கொடுத்துவிடுவேன்.

உங்கள் கடைக்கு வருகிற லொறிகள் நிறைந்து வரவும், போகிற லொறிகள் நிறைந்து போகவும், இரண்டு வீட்டுப் பந்தலும் ஒரே மழைக்கு நனையவும் வாழ்த்துகிறேன். சம்பந்தியம்மாவுக்கு என் பணிவான வணக்கம். மாப்பிள்ளைக்கு ஆசிகள். இராக்கம்மா எல்லோரையும் கேட்டதாகச் சொல்லச் சொன்னாள். உடுக்கு விஷயத்தில் தன் பெயர் வரக்கூடாது என்றும் சொன்னாள்.

தங்கள் உறவுக்குக் காத்திருக்கும்,
மா. இராசையா
தொழிற்சங்க மாவட்டப் பிரதிநிதி (ஓய்வு)
தலைவர், சில்லு கழற்றும் குழு

பின்குறிப்பு: சில்லு கழன்றுவிட்டது. கையெல்லாம் எண்ணெய், காரின் பொனட்டில் வைத்து எழுதுகிறேன், எழுத்தை மன்னிக்கவும். நிஸாம் பாஸ் வந்து காரைத் தரையில் இறக்கி, நட்டை அப்படியே தளர்வாக விட்டு, ஒரு அடி முன்னுக்கு உருட்டிப் பிரேக் போட்டார், ஒரு அடி பின்னுக்கு உருட்டிப் பிரேக் போட்டார். கொஞ்ச நேரத்தில் உள்ளே டக்கென்று ஒரு சத்தம். கல் வைத்து, ஜெக் போட்டுத் தூக்கி, நட்டைக் கழற்றி இழுத்தார், சில்லு கையோடு வந்துவிட்டது. தனுஜா சிரித்தாள். எத்தனை நாளைக்குப் பிறகு சிரித்தாள் என்று இராக்கம்மா அழுதாள். எல்லோரும் கைதட்டினார்கள், நானும் தட்டினேன். தட்டிக்கொண்டே கைக்கடிகாரத்தைப் பார்த்தேன். மூன்று மணி தாண்டியிருந்தது. இன்று செவ்வாய்க்கிழமை. ராகுகாலம்.

எனக்கு என்ன வந்தது என்று எனக்கே தெரியாது. "பாஸ், அதத் திரும்பப் பூட்டிருங்க, நாலரைக்கு மேல கழட்டலாம்" என்று வாய் தானாகச் சொல்லிவிட்டது. நிஸாம் பாஸ் சில்லைக் கையில் பிடித்துக்கொண்டு அப்படியே என்னைப் பார்த்தார். பூசாரிகூட என்னைப் பார்த்தார். அத்தனை மேடையில பேசினது யாருங்க என்று இராக்கம்மா கேட்டாள். மேடையில் நான் பேசியது ஊரார் பிள்ளைகளுக்கு, சம்பந்தி. இது என் பிள்ளை.

தனுஜா உதிரிச் சில்லை உருட்டிக்கொண்டு வந்து பாஸிடம் கொடுத்தாள். பூட்டியாகிவிட்டது. "நல்ல நேரம் வாற வரைக்கும் நின்னா, வேற ஒரு கெட்ட நேரம் வந்துரும்ப்பா. நாங்க போறோம்" என்று சொல்லிவிட்டு ஏறி உட்கார்ந்துவிட்டாள், அவளோடு இராக்கம்மாவும். என்ஜின் ஓடுகிறது, பாஸ் ஹோன் அடிக்கிறார். கடிதத்தை ஒட்டி அவள் கையிலேயே கொடுக்கிறேன். புறப்பட்டது ராகுகாலத்தில் என்பதை இனி மாற்ற முடியாது, வந்து சேர்வதையாவது காப்பாற்றுவோம். நிஸாம் பாஸ் வேகமாக ஓட்டுகிறவர், நாலரைக்கு முன்னமே உங்கள் கேட்டில் வந்து நிற்பார். தயவுசெய்து உடனே உள்ளே கூப்பிடாதீர்கள். டயரைத் தட்டிப் பாருங்கள், நட் இறுகியிருக்கிறதா என்று கேளுங்கள், விலைவாசி பேசுங்கள், என்னத்தையாவது செய்து நேரத்தைக் கடத்திவிட்டு, நாலரை தாண்டியதும் என் மகளை வீட்டுக்குள் கூப்பிடுங்கள்.

இதற்கு மேலே நான் எழுதியதை எல்லாம் கிழித்துப் போட்டுவிட்டு, இந்தப் பின்குறிப்பை மட்டும் சம்பந்தியம்மாவிடம் கொடுங்கள். அவர்களுக்கு என் நிலைமை விளங்கும்.